எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு இலக்கியமாகவே படாமல் போகலாம். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் சுப்பர்மேன் முதலான அதிமானுட வீரர்களைப் பற்றியும், எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசப்போகிறேன். ஒன்று அச்சு யந்திரத்தில் பிறந்தது. மற்றது லயத்து வாசலில் வளர்ந்தது. ஆனாலும் இரண்டையும் ஒரே சங்கடம் பிடித்திருக்கிறது. பல கைகள் பல காலம் ஒரே கதையைச் சொல்லி வரும்போது, அந்தக் கதை தன்னோடு தானே முரண்படத் தொடங்குகிறது. முதலாம் வாத்தியார் சொன்னது மூன்றாம் வாத்தியார் சொல்வதோடு ஒட்டாமற் போகிறது. அந்த ஒட்டாமையை என்ன செய்வது?

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்த்துவிடுவோம். சுப்பர்மேன் முதன்முதலில் 1938ஆம் ஆண்டு ஜூன் இதழில் தோன்றினான். அடுத்த வருடம் பேட்மேன் வந்தான். இவர்களை வெளியிட்டது டீசி என்று இன்று அழைக்கப்படும் நிறுவனம். மாதாமாதம் இதழ் வரவேண்டும். எழுதுபவர் மாறுவார், வரைபவர் மாறுவார், ஆனால் வீரனுக்கு மட்டும் வயது ஏறக்கூடாது. நாற்பது ஐம்பது வருடம் இப்படியே ஓடினால் கணக்கு எங்கே நிற்கும்?

பிளாஷ் என்ற வீரனின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மின்னல் வேகத்தில் ஓடுபவன் அவன். 1940இல் வந்த பிளாஷின் பெயர் ஜே கேரிக். சில வருடங்களில் அந்த இதழ் நின்றுபோயிற்று. 1956இல் அதே பெயரில், அதே வேகத்தில், ஆனால் வேறொரு மனிதனாக பேரி அலன் என்பவனைப் படைத்தார்கள். இந்தப் புதியவன் சிறுவயதில் பழைய பிளாஷைச் சித்திரக்கதைப் புத்தகத்தில் வாசித்தவன்! அதாவது பழையவன் வெறும் கற்பனை. இதோடு விட்டிருந்தால் சிக்கல் இல்லை. 1961இல் கார்ட்னர் பொக்ஸ் என்ற எழுத்தாளர் இருவரையும் சந்திக்க வைத்தார். எப்படி? பூமி ஒன்றல்ல, இரண்டு. பழையவன் ஒரு பூமியில் உண்மையாகவே வாழ்கிறான்; அதை மறு பூமியிலுள்ள ஓர் எழுத்தாளர் கனவிற் கண்டு கதையென நினைத்து எழுதிவிட்டார் என்று அந்தக் கதையிலேயே வருகிறது. அந்த எழுத்தாளரின் பெயரும் கார்ட்னர் பொக்ஸ் தான். கனவிலே அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் நம்முடைய தலபுராண மரபை அறிந்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இராது.

இரண்டு பூமி பிறகு பல பூமியாயிற்று. எந்த முரண்பாடு வந்தாலும் இன்னொரு பூமியில் கொண்டுபோய் வைத்துவிடலாம் அல்லவா? ஈற்றில் புதிதாக வாசிக்க வருபவனுக்குத் தலை சுற்றும் என்று நிறுவனம் அஞ்சியது. 1985 தொடங்கி 1986 வரை பன்னிரண்டு இதழ்களில், மார்வ் வொல்ப்மன் எழுத, ஜோர்ஜ் பெரெஸ் வரைய, பெரும் பிரளயம் ஒன்றை நடத்தினார்கள். எல்லாப் பூமிகளும் அழிந்து ஒரே பூமியாயின. பேரி அலன் அந்தப் பிரளயத்தில் மாண்டான். இனி எல்லாம் புதிதாக, ஒரே சீராகத் தொடங்கும் என்றார்கள்.

சீரானதா? இல்லை. இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. வண்டர் வுமன் என்ற வீராங்கனையின் கதையை 1987இல் முதலிலிருந்து தொடங்கினார்கள். அவள் மனிதர் உலகுக்கு அப்போதுதான் வந்து சேர்கிறாள். நல்லது. ஆனால் அவளைப் பின்பற்றி வண்டர் கேர்ள் என்ற பெயரோடு டொன்னா ட்ரோய் என்ற பெண் வேறொரு இதழில் பல வருடமாக வீரம் புரிந்துகொண்டிருந்தாள். குரு இன்னும் ஊருக்கே வரவில்லை, சிஷ்யை பட்டம் வாங்கிவிட்டாள்! அந்தப் பெண்ணின் பிறப்பு வளர்ப்பைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. சுப்பர்மேனுக்கும் அப்படியே. 1986இல் ஜோன் பெர்ன் அவன் கதையைப் புதுக்கியபோது, அவன் சிறுவனாக இருந்த காலத்தில் வீரச் செயல் எதுவும் செய்ததில்லை என்று முடிவாயிற்று. ஆனால் ஆயிரம் வருடம் கழித்து வாழும் ஒரு வீரர் கூட்டம், அந்தச் சிறுவனை முன்மாதிரியாகக் கொண்டே உருவானது என்று முப்பது வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் போய்விட்டது, காரியம் நிற்கிறது. அதற்கு ஒட்டுப்போட ஒரு குட்டிப் பிரபஞ்சத்தைப் புதிதாகப் படைத்தார்கள்.

அப்புறம் 1994இல் ஒரு பிரளயம், 2005இல் ஒன்று, 2011இல் ஒன்று. 2011இல் எல்லா இதழ்களையும் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கி, வீரர்கள் தோன்றி ஐந்து வருடமே ஆகிறது என்றார்கள். அந்த ஐந்து வருடத்துக்குள் பேட்மேனுக்கு ரொபின் என்ற உதவியாளர் ஒருவர் பின் ஒருவராக மாறிவிட்டிருந்தனர். பத்து வயது மகன் வேறு! உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது கணிதப் பிரிவு மாணவன் ஒருவன், "சேர், அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லையா?" என்று கேட்டான். போட்டுப் பார்த்தவர்கள் வாசகர்கள்தான். 1985இல் மாண்ட பேரி அலனும் 2008இல் திரும்பி வந்துவிட்டான். பூமிகளும் திரும்பி வந்துவிட்டன.

இந்த இடத்தில் நம் தலைமுறைக்குப் பழக்கமான ஒருவனை நினைக்காமல் போகமுடியாது. லீ போக் 1936இல் படைத்த முகமூடி வீரன். தமிழிலே மாயாவி என்றும் வேதாளர் என்றும் அவனை வாசித்தோம். சாகாதவன் என்று காட்டுவாசிகள் நம்புகிறார்கள்; உண்மையில் தந்தைக்குப் பின் மகன் முகமூடியை அணிகிறான், இவன் இருபத்தோராவது ஆள். எத்தனை எளிதான தீர்வு பாருங்கள். வயது பற்றிய கேள்வியே எழாது. ஆனால் அவனுடைய காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிக்கல்தான்: ஆரம்பத்தில் ஆசியாவின் பக்கம் இருந்த காடு பின்னர் ஆபிரிக்காவுக்குப் போய்விட்டது. இந்தியப் பதிப்பில் பெங்காலி என்ற நாட்டுப் பெயரை டெங்காலி என்று மாற்றினார்கள். வங்காளிகள் மனம் நோகக்கூடாதே. தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் வேறு, முகமூடி மாயாவி வேறு. எந்த மாயாவி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் புத்தகத்தை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

நான் வசிக்கும் இடம் கினிகத்தேனை. சிங்களச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் தீப்பிடித்த சேனை என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி மழை பெய்யும் ஊருக்கு இப்படி ஒரு பெயர். இதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலும், மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் பிறை கண்டு காமன் கம்பம் நடுவார்கள். தப்பு முழங்க ரதியும் மன்மதனும் லயம் லயமாக வருவார்கள். பௌர்ணமியை ஒட்டி, ஓர் இரவு முழுவதும் ஆடி, விடியுமுன் மன்மதனை எரிப்பார்கள். எரித்தவனை மறுபடி எழுப்பும் சடங்கும் உண்டு. அடுத்த மாசியில் மீண்டும் திருமணம், மீண்டும் தூது, மீண்டும் நெற்றிக்கண். வருடந்தோறும் அழிந்து வருடந்தோறும் தொடங்கும் உலகம் இது. அமெரிக்க நிறுவனம் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெரும் விளம்பரத்தோடு செய்வதை எங்கள் தோட்டத்து மாஸ்டர்கள் ஆரவாரமின்றி ஆண்டுதோறும் செய்து வந்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் தொடர்ச்சிச் சிக்கல் உண்டா? ஏராளமாக உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனம் முதலாவதான உற்பத்திக் காண்டத்திலேயே வருகிறது. ஆனால் சிவன் தவத்தில் அமர்வதற்கு முன்னர் நடந்த தக்கன் வேள்வியோ, ஆறாவதான தக்ஷகாண்டத்தில், நடந்து முடிந்த பழங்கதையாகச் சொல்லப்படுகிறது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் உரை கண்ட காண்டம் அது. காவியத்துக்கு அந்த ஒழுங்கு பொருந்தும். முன்னதைப் பின்னே சொல்லலாம். கூத்துக்காரனுக்கு அது முடியாது. தோட்டத்துச் சனம் ஓரிரவு விழித்திருந்து பார்க்கும் கதையை நடந்த ஒழுங்கிலேதான் ஆடவேண்டும். ஆகவே வேள்வியைத் தூக்கி முன்னே வைக்கிறார்கள். உடனே வீரபத்திரன் எப்போது வரவேண்டும் என்ற சண்டை தொடங்குகிறது. வேள்வியை அழித்தவன் காமதகனத்தன்று இரவு களத்தில் நிற்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்காக இரண்டு மாஸ்டர்கள் முகம் பார்க்காமல் இருந்ததை நான் அறிவேன்.

மன்மதன் யார் மகன்? நம் தமிழ் வழக்கில் திருமாலின் மகன். வேறு புராணங்களில் பிரமனின் மனத்தில் தோன்றியவன். எரிந்தபின் என்னவானான்? பாகவதத்தைக் கேட்டால், கண்ணனுக்கும் உருக்குமிணிக்கும் பிரத்தியும்நனாகப் பிறந்தான். சம்பரன் வீட்டில் மாயாவதி என்ற பெயரோடு காத்திருந்த ரதியே அவனை வளர்த்து, பின் கணவனாக அடைந்தாள் என்கிறது. கந்தபுராணத்தைக் கேட்டால், சிவனுடைய திருமணத்தின்போதே உயிர் பெற்றான். ஆயினும் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் கோக்க முடியாது. எரிந்த இடம் எது என்றால், மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள திருக்குறுக்கை என்று அட்ட வீரட்டத் தலமரபு சொல்லும். தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டால், காமன் பொட்டல் என்று எங்கள் கோயிலுக்குக் கீழே உள்ள திடலைக் காட்டும். இரண்டு பதிலும் சரிதான்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, காமன் எரிந்துவிட்டான் என்றால் உலகில் காதல் ஏன் இன்னும் இருக்கிறது என்பதே. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மராட்டியர் காலத்தில் வேரூன்றிய லாவணிப் பாட்டில் இந்தக் கேள்வி மேடையேறிவிட்டது. டேப்பு ஒரு கையில், துந்தினா மறு கையில். ஒரு கட்சி காமன் எரிந்தான் என்று பாடும். எதிர்க்கட்சி எரியவில்லை என்று பாடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவர்களுக்குப் பெயர். கேள்விக்குக் கேள்வி, புராணத்துக்குப் புராணம். விடியும் வரை நடக்கும். சித்திரக்கதை வாசகர்கள் இதழுக்குக் கடிதம் எழுதிச் சண்டை பிடிப்பதையே நம்மவர்கள் இராகம் போட்டுப் பாடினார்கள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

புராணக்காரரும் இந்த ஒட்டாமையை உணராமலில்லை. ரதிக்கு மட்டும் தெரியும் உருவம் என்ற தீர்வை மறுபடி எண்ணிப் பாருங்கள். உடல் எரிந்தது உண்மை, ஆகவே எரிந்த கட்சி வென்றது. காமம் உலகில் இருப்பதும் உண்மை, ஆகவே எரியாத கட்சியும் தோற்கவில்லை. அநங்கன், உடலற்றவன், என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கட்சியையும் உட்கார வைத்துவிட்டார்கள். குட்டிப் பிரபஞ்சம் எதுவும் படைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்தத் தீர்வின் பாரத்தைச் சுமப்பவள் ரதி. ஊர்க் கண்ணுக்கு அவள் கைம்பெண், தன் கண்ணுக்கு அவள் சுமங்கலி. பூச்சூடலாமா, கூடாதா? ரதி வேடமிட்ட ஆண் ஒருவர் ஒப்பாரி முடிந்த கையோடு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதையும், இன்னொரு தோட்டத்தில் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மாஸ்டர்கள், இரண்டு முடிவு. கையில் வைத்துக்கொண்டு நின்றதே எனக்குப் பிடித்தது. அது என் ரசனை, சட்டம் அல்ல.

அமெரிக்க நிறுவனம் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எங்கே? நிறுவனம் முரண்பாட்டைப் பிழையாகக் கண்டது. பிழை என்றால் திருத்தவேண்டும். திருத்த உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. திருத்தியபின் பழையது நடக்கவேயில்லை. அதனால்தான் ஓரிடத்தில் தைத்தால் இன்னோரிடத்தில் கிழிந்தது. கூத்திலோ முரண்பாட்டுக்கு நாம் ஓர் இடம் கொடுத்தோம். அதை வாதாடினோம், பாடினோம், கோபித்துக்கொண்டோம், அடுத்த மாசியில் மறுபடி கூடினோம். போன வருடம் எரிந்தவன் இந்த வருடம் எப்படி மாப்பிள்ளையாக வருகிறான் என்று எங்கள் லயத்துக் கிழவி எவளும் கேட்டதில்லை.

ஆனால் இதைப் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாத நிலை இன்று. நமக்கும் ஒரு பிரளயம் வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அடுத்த வருடங்களில் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். போனவர்களில் காமன் மாஸ்டர்களும் இருந்தார்கள், கொப்பிகளும் போயின. ரதி ஒரு கரையில், மன்மதன் மறு கரையில் என்று கூத்துச் செட்டே பிரிந்த தோட்டங்களும் உண்டு. மிஞ்சியவர்கள் நினைவிலிருந்து பாட்டைக் கட்டினார்கள். நினைவு விட்ட இடத்தில் சினிமா மெட்டு நுழைந்தது. அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கூத்து நிற்பதைவிட அது மேல். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்திராவிட்டால் இன்னும் எத்தனை பாட்டு மறைந்திருக்குமோ.

இப்போது கூத்து பாடசாலை மேடைக்கு வந்திருக்கிறது. தமிழ்த் தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்து ஒரு பிரிவு. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மேடைக்குக் கால எல்லை உண்டு, ஓரிரவு அங்கே கிடையாது. எழுத்துப் பிரதி ஒன்று வேண்டும். அதை எழுத உட்காரும் ஆசிரியர், மாஸ்டர்கள் சொன்னவற்றில் எது சரியானது என்று தெரிவு செய்யவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கந்தபுராணத்தை எடுத்து வைத்து, அதற்கு ஒத்ததை வைத்துக்கொண்டு ஒவ்வாததை வெட்டிவிடுகிறோம். ஒரு போட்டியில் நடுவர் ஒருவர், புராணத்தில் இல்லாத காட்சி என்று சொல்லிப் புள்ளி குறைத்ததும் எங்களுக்கு அனுபவம். வெட்டுப்பட்டது பாட்டியும் பேத்தியும் பாடக் கேட்ட காட்சி. அப்படித் திருத்திய ஒரே பிரதி வருடந்தோறும் கைமாறி, புத்தகமாகவும் அச்சாகிவிட்டால், நம்முடைய பன்னிரண்டு இதழ்ப் பிரளயத்தை நாமே நடத்தி முடித்தவர்களாவோம்.

தமிழ் படித்தவனுக்கு இதற்கு வழி தெரியாமலில்லை. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றையும் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது தமக்குக் கிடைத்த ஏடுகளின் வேறுபாடுகளைப் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தார், மற்றதை எரித்துவிடவில்லை. கூத்துக்கு அதைவிட ஒருபடி மேலே போகவேண்டும் என்பது என் எண்ணம். ஏட்டுக்குப் பின்னால் புலவன் எழுதிய மூலம் ஒன்று இருந்திருக்கும். கூத்துக்கு அப்படி ஒரு மூலம் இல்லை. பொன்னர் சங்கர் கூத்தும் நம் தோட்டங்களில் ஆடப்படுவதுதானே. அந்த அண்ணன்மார் கதையைக் கொங்கு நாட்டில் 1965இல் ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக் அம்மையார், ஒரே பாடகர் சனத்துக்கு முன் பாடியதும், எழுதுபவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் வேறுபடுவதைக் கண்டார். ஒரே வாய், ஒரே கதை. அப்படியிருக்க இரண்டு தோட்டத்து மாஸ்டர்களில் ஒருவரை அடிக்குறிப்பாக்க நாம் யார்? ஒவ்வொரு பிரதியும் முழுதாக, பக்கத்தில் பக்கமாக அச்சாகட்டும். வீரபத்திரன் முன்னே வரும் பிரதியும் வரட்டும், வராத பிரதியும் வரட்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் யாருடைய வீட்டிலாவது தாத்தாவின் கூத்துக் கொப்பி இருந்தால், பழைய பேப்பர் எடுப்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதற்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், மாஸ்டரின் பெயர், எந்த வருடம் ஆடியது, ரதி யார், மன்மதன் யார் என்று பேனாவால் எழுதி வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கொப்பியோடு ஒத்துப்போகவில்லை என்று எதையும் அடித்துத் திருத்தவேண்டாம். பிரதியெடுத்துப் பக்கத்துப் பாடசாலைத் தமிழாசிரியரிடம் ஒன்று கொடுங்கள். மாசி பிறக்குமுன் கொடுத்தால் நல்லது. கம்பம் நட்ட பிறகு மாஸ்டர்கள் யாருக்கும் பேச நேரமிராது.